ரெஜினால்டும் அப்பாவின் மகனும்

மாத்தளை,
5.3.1956.

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். அப்பாவையும் சேர்த்துச் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உறையின் பின்புறம் ரெஜினால்ட் என்றிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை ரவூப் நானா, "என்ன புள்ள, தொரைமாரெல்லாம் ஒங்களுக்குக் காயிதம் போடுறாங்க போல" என்றார். சிரித்து வைத்தேன்.

அப்பாவின் பிரஜாவுரிமை விசாரணையைப் பற்றி நான் இரண்டு கடிதம் எழுதினேன். நீங்கள் நான்கு பக்கம் பதில் எழுதியிருக்கிறீர்கள், நான்கிலும் உங்கள் புதுப் பெயரின் பெருமைதான். பழைய ஜெர்மானியப் பெயராம். முன்பாதிக்கு ஆலோசனை என்றும் பின்பாதிக்கு ஆட்சி என்றும் பொருளாம். உங்கள் வெள்ளைக்கார மானேஜர் சொன்னாராம். நடராஜா என்பது வாயில் நுழையவில்லை என்பதற்காக அவர் உங்களுக்கு வைத்த பெயர் அது. ஆலோசனையோடு ஆள்பவரே, அதை ஏற்குமுன் வீட்டில் யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள்?

நானும் வாசிகசாலையில் தேடிப் பார்த்தேன். மானேஜர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். ஜெர்மனியில் அது ரைன்ஹோல்ட். நோர்மன்காரர்கள் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது வேறோர் உருவம். லத்தீனில் எழுதிய குருமார் கையில்தான் அது உங்கள் பெயரானது. பிறகு சில நூற்றாண்டுகள் அதைச் சீண்டுவாரில்லை. போன நூற்றாண்டில் மறுபடி நாகரிகமாயிற்று. இத்தனை நாடு சுற்றிய பெயரிடம் எவரும் வதிவிடச் சான்று கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்கிறார்கள்.

மறுபடியும் எழுதுகிறேன், இந்த முறையாவது வாசியுங்கள். 1951இல் அப்பா விண்ணப்பித்தபோது உங்களுக்கு வயது பதினெட்டு. இருபத்தொரு வயது ஆகாததால் உங்கள் பெயரும் அதில் இருக்கிறது. பிள்ளைகளும் இடைவிடாமல் இந்த நாட்டிலேயே இருந்தார்கள் என்று அவர் காட்டவேண்டும். நடராஜா என்ற பெயர் பள்ளிக்கூட வரவு இடாப்பில் 1949 வரை இருக்கிறது. அதன் பிறகு ஒரு காகிதத்திலும் இல்லை. மகன் இந்தியாவுக்குப் போய்விட்டாரா என்று விசாரணையில் கேட்டார்கள். நான் அப்பாவின் பக்கத்தில்தான் இருந்தேன். "இல்லீங்க, கொழும்புல வேற பேர்ல இருக்காருங்க" என்றார். மொழிபெயர்த்தவர், "பெரியவரே, ஒளிஞ்சிருக்கிறவங்கதான் வேற பேர்ல இருப்பாங்க" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அப்பா பல்லேபொலப் பக்கம் மிளகு வாங்கப் போகவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அங்குள்ள தோட்டங்களில் வாங்குகிறவர். "எந்த ஊர்க்காரன்னே தெரியாதவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது" என்கிறார். அம்மா கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ரெஜினால்ட் என்பவர் ஐயாவுவின் மகன் நடராஜா, 1950 முதல் எங்களிடம் வேலை செய்கிறார் என்று மானேஜர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். அதோடு நீங்களும் நேரில் வரவேண்டும்.

அதைக் கேட்க உங்களுக்கு ஏன் கூச்சம் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் கண்டியில் உங்கள் அலுவலக நண்பரைச் சந்தித்தபோது, உங்கள் அப்பாவுக்கு மாத்தளையில் பெரிய கொக்கோத் தோட்டம் இருக்கிறதாமே என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

மறு விசாரணை அடுத்த புதன்கிழமை, பதினான்காம் திகதி, காலை பத்து மணிக்கு. மகன் வருவாரா என்று கேட்டதற்கு அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "வருவாருங்க" என்றார். அன்று அவர் சொன்னவற்றில், மறுகேள்வி கேட்காமல் அவர்கள் எழுதிக்கொண்டது அது ஒன்றுதான்.

மானேஜரிடம் கேட்க முடியாவிட்டால் கேட்கவேண்டாம். வெறுங்கையோடாவது வாருங்கள். உங்களுக்கு அப்பாவின் முகம். பக்கத்தில் வந்து நின்றால் அவர்களுக்கே தெரியும்.

மாரியம்மன் உங்களைச் செவ்வாய்க்கிழமை ரயிலில் ஏற்றிவிடட்டும்.

உங்கள் தங்கை,
பேச்சியம்மா