வெளியேறும் பொத்தான்

மார்ச் 3, திங்கள்

இன்று அலுவலகத்தில் எனக்கு லாமிங்டன் கேக் கொடுத்துக் கைதட்டினார்கள். காரணம், ஒரு பொத்தான். எங்கள் 'முதலை மகாராஜா' சூதாட்டத்தில் சக்கரங்களைச் சுழற்றும் பொத்தானை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, இன்னும் கொஞ்சம் கொழுக்க வைத்தேன். கைபேசியை ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடம். தொட்டால் மெல்ல அமுங்கும், விரலடியில் ஒரு சின்ன அதிர்வு, முதலை கண்ணடிக்கும்.

"பெர்ன், இது பட்டன் இல்ல, தலையணை," என்றான் ட்ராய், எங்கள் குழுத் தலைவன். "தூக்கத்துலகூட அமுக்குவாங்க." அவனைப் பொறுத்தவரை இது பாராட்டு.

வெளியேறும் பொத்தானும் என் கைவண்ணம்தான். மேலே இடது மூலையில், சாம்பல் மேல் சாம்பலாக, அரைப் பட்டாணி அளவில். வலது கட்டைவிரல் அங்கே போய்ச் சேர இன்னொரு மூட்டு முளைக்க வேண்டும். அதற்குக் கேக் கிடைக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

பென்ரித்தில் அம்மா வீட்டில் சாப்பாடு. அடுப்பில் வாட்டிய ஆட்டுக்கறி செருப்புத் தோலாகியிருந்தது. அம்மாவின் வலது கட்டைவிரலில் கட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"தசைநார் வீக்கமாம். நிறைய ஸ்வெட்டர் பின்னுவீங்களான்னு டாக்டர் கேட்டார். ஆமான்னுட்டேன்."

"நீ எப்பம்மா பின்னின?"

"வேற என்னடி சொல்லச் சொல்ற? முதலையோட குடும்பம் நடத்துறேன்னா?"

வாய்விட்டுச் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. முதலையா? எங்க முதலையா?

கறி தீய்ந்ததும் அதனால்தான். கழிப்பறையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாளாம். "வெளிய வர வழியே காணோம்டி. எந்தக் களவாணி வரைஞ்சானோ!" நான் கைபேசிக்குப் படம் வரைகிறேன் என்று மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். களவாணி தலைகுனிந்து உருளைக்கிழங்கைத் தின்றாள்.

மார்ச் 10, திங்கள்

என் மேசைக்கு மேல் ஒரு பலகை: 'விரலுக்கு இதமான வடிவமைப்பு'. இதமாம். வீங்கிப் போய்க் கிடக்குது விரல்!

மார்ச் 12, புதன்

வெளியேறும் பொத்தானைக் கீழே கொண்டுவந்தேன். சுழற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே கொழுப்பு, நல்ல பச்சை. நிரல் எழுதும் சியோசி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, செய்து கொடுத்துவிட்டான். ட்ராய்க்குத்தான் மூக்கு சிவந்தது.

"மதுக்கடையில வாசக்கதவை எவனாவது நடுக்கூடத்துல வைப்பானா?"

"தீப்பிடிச்சா?"

"பிடிக்கும்போது பாத்துக்கலாம்."

"ட்ராய், உன் வீட்டுக் கக்கூசுக்குக் கதவு இருக்கா?" என்றான் சியோசி.

கடைசியில் ட்ராய் சொன்னது: அடுத்த புதன் ஆடிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அவர்களில் ஒருத்தர் வெளியேற வழி கேட்டாலும் மாற்றிவிடலாம். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். ஆட்களைக் கூப்பிடுவது யார்? நான்.

மார்ச் 19, புதன்

அம்மாவைக் கூட்டிப் போனேன். காரில் உண்மையைச் சொன்னேன் — அந்தக் களவாணி நான்தான். ப்ளாக்டவுன் வரை அம்மா கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "சின்ன வயசுல நீ பூனை வரைஞ்சா பன்னி மாதிரி இருக்கும். இதை மட்டும் ஒழுங்கா வரைஞ்சிருக்க," என்றாள். எனக்கு அழுகையா சிரிப்பான்னே தெரியல. வண்டி வேற ஓட்டணும்.

சோதனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சியோசியும். அந்தப் பக்கம் ட்ராயும் அம்மாவும். அவள் என் அம்மா என்று அவனுக்குத் தெரியாது.

"க்ளெனிஸ், இப்ப ஆட்டத்தை விட்டு வெளிய வாங்க பாப்போம்," என்றான் ட்ராய் அம்மாவிடம்.

இன்னும் மாற்றாத பழைய ஆட்டத்தில் அம்மா இடது ஆள்காட்டி விரலால் தேடினாள். முதலை கண்ணடித்தது. தேடிப் போய் இரண்டு முறை, ஆட்டத்துக்குள் நாணயம் விற்கும் கடைக்குள் விழுந்தாள். கடைசியில் கைபேசியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இதோ, வந்துட்டேன்."

ட்ராய் கண்ணாடிப் பக்கம் திரும்பி இளித்தான். பைக்குள் ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு அது வெற்றி.

"வீட்டுலயா இருந்தா ஆட்டத்தையே போன்லேர்ந்து மொத்தமா அழிச்சிருப்பேன், தம்பி," என்றாள் அம்மா. "அதுக்கு மட்டும்தான் வழி தெரியும். அழிச்சு அழிச்சுத் திரும்பப் போட்டிருக்கேன். இனி அழிச்சா போடறதா இல்ல. வாசல் வச்சா இருப்பேன்."

ட்ராயின் இளிப்பு அப்படியே உறைந்தது. அவள் விரல்கட்டு அவன் மூக்குக்கு நேரே இருந்தது. அது அவன் கண்ணில் படவேயில்லை. 'அழிச்சிருப்பேன்' மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது: ஒரு ஆட்டக்காரி கைவிட்டுப் போகிறாள்.

"உங்கம்மாவையே தலைவரா போட்டுடலாம்," என்றான் சியோசி.

ஏப்ரல் 2, புதன்

பச்சைப் பொத்தான் வெளியாகிவிட்டது. அது தன் யோசனை என்று ட்ராய் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். போகட்டும், மூதேவி.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். சாப்பிட்டதும் எனக்குச் செய்து காட்டினாள். ஒரே தட்டு, வெளியே. முதலை கையசைத்து வழியனுப்பியது. "எவ்ளோ சுலபம் பாரு!" தானே வரைந்தது போலப் பெருமை.

தட்டுகளைக் கழுவ எழுந்தேன். முதுகுக்குப் பின்னால் மணிச் சத்தம். இது எங்கள் முதலையின் மணி இல்லையே? திரும்பினால், அம்மாவின் கைபேசித் திரையில் கிரீடம் வைத்த ஒரு கோலா கரடி. வேறு நிறுவனத்து ஆட்டம்.

"பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. சும்மா பாக்கறேன்டி."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கீழே வலது ஓரத்தில் பழுத்த மாம்பழ நிறத்தில் பொத்தான். வெளியேறும் வழி எங்குமே இல்லை. கட்டைவிரல் அமுக்கியது, அமுக்கியது.

முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தப் பொத்தானின் நிழலை எப்படி இவ்வளவு மென்மையாக விழ வைத்தார்கள்?

அம்மாவின் விரல் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.