டாரலின் நூறாவது ஆட்டம்

பிம்பாரா
ஜூன் 9, 2019

அன்பு மகன் கிளைவுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், இடுப்பு வலியும் இருக்கிறது, ஒன்றையொன்று சகித்துக்கொண்டு நாள் போகிறது. அங்கே நீயும் மருமகள் இங்ரிட்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். கோதுமை விதைத்து மூன்று வாரம் ஆகிறது, மழையைக் காணோம். போன செவ்வாய்க்கிழமை நம் ஊர் ஃபுட்டி பந்தாட்டக் கிளப்பை மூடி, பக்கத்து ஊர் டெரிகல் கிளப்போடு சேர்த்துவிடலாம் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். ஆதரவாக நாற்பத்தொரு கை, எதிராக ஆறு. நானும் ஆதரவாகத்தான் தூக்கினேன். அணிக்கு வேண்டிய பதினெட்டுப் பேரைச் சேர்க்க முடியாமல் இந்த வருடம் இரண்டு ஆட்டத்தை ஆடாமலே விட்டுக்கொடுத்தாயிற்று, வேறென்ன செய்வது. சிலர் அழுதார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து சூப்பைச் சுடவைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

கடைசி ஆட்டத்தன்று எல்லோருக்கும் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப் போகிறார்கள், அதற்குக் கிளப்பின் வரலாற்றை என்னை எழுதச் சொல்லிவிட்டான், இப்போது கிளப் தலைவனாக இருக்கிற கீத் ஹார்ட்விக். அப்பா போய் ஒன்பது வருடமானாலும், முப்பத்தொரு வருடம் செயலாளராக இருந்தவருடைய காகிதமெல்லாம் நம் வீட்டில்தானே கிடக்கிறது. 1911இல் ரயில் பாதை போட வந்தவர்களும் லூத்தரன் தேவாலய ஆட்களும் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் கோல் கம்பம் நட்டு ஆரம்பித்தது. இரண்டு உலகப் போரிலும் ஆட்டம் நின்றது, 44இல் மைதானத்தை மணல் மூடி வேலியின் மேல்கம்பி மட்டும் தெரிந்தது. கோப்பை வாங்கியது நான்கு முறை. 58ஆம் வருடக் கோப்பை ஏழு வருடம் ஹார்ட்விக் வீட்டு நாய்க்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டது, அதையும் எழுதியிருக்கிறேன். "எங்க தாத்தா மானத்த இப்படியா வாங்குவீங்க" என்று கீத் முனகினான், ஆனால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை.

நூறு ஆட்டம் ஆடியவர்களின் பெயர்ப் பலகை மட்டும் புதுக் கிளப்புக்குப் போகிறது. அதற்காக அப்பாவின் அணித்தாள்களை வைத்து ஒவ்வொருவருடைய ஆட்டத்தையும் எண்ணிச் சரிபார்த்தேன். உன் அண்ணன் டாரலுக்குச் சரியாக நூறு வந்தது. நூறாவது தாள் 1986 ஜூலை 12. பதினான்காம் எண், டாரல், அப்பாவின் கையெழுத்து. உனக்கு நினைவிருக்கும். ஆட்டுச் சந்தையிலிருந்து நேரே வருகிறேன் என்றவன் வரவில்லை, ஓர் ஆள் குறைகிறது, நீ கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாய், உன் பெயர் பதிவில் இல்லை. "அண்ணன் பேர்ல எறங்குடா, அவன் வந்ததும் நீ வெளிய வந்துரு" என்று அப்பா அவனுடைய ஜெர்சியை உனக்கு மாட்டிவிட்டார். எல்லாக் கிளப்பும் செய்கிற திருட்டுத்தனம்தான், எதிரணிக்காரர்களே "என்ன டாரலு, ஒரே வாரத்துல இப்படி எளச்சுட்டே" என்று உன்னைக் கிண்டல் செய்தார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் போலீஸ்காரர் வந்தார் என்று உனக்குச் சொன்னோம். அது பொய், கிளைவ். அவர் பாதி ஆட்ட இடைவேளையிலேயே வந்தார். நான் கான்டீன் ஜன்னலில் சாஸ் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணிக்கே ரயில்வே கேட் வளைவில் வண்டி கவிழ்ந்து அவன் போய்விட்டான். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த அணித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "இப்பச் சொல்லாத மெர்ல், இன்னும் ஒரு மணி நேரம் சின்னவன் வெளையாடட்டும்" என்றார். அதை ஆட்டத்துக்காகச் சொன்னாரா, உனக்காகச் சொன்னாரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன். இடைவேளைக்குப் பின், மூன்றாம் பகுதியில் நீ ஒரு கோல் அடித்தாய். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹார்ன் அடித்தன, நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே "டாரல், டாரல்" என்று கத்தினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமைப் பேப்பரிலும் டாரல், ஒரு கோல் என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு நீ அந்த மைதானத்துப் பக்கமே போகவில்லை. அண்ணன் செத்துக் கிடக்கும்போது அவன் பேரில் சிரித்து விளையாடினேனே என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாய். உனக்குத் தெரியாது, கிளைவ். தெரிந்திருந்தது எங்களுக்கு.

கீத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விடுங்க மெர்ல், நூறாவே இருக்கட்டும், எவன் எண்ணிப் பாக்கப் போறான்" என்றான். நான் எண்ணிவிட்டேனே. டாரல் தொண்ணூற்றொன்பது, கிளைவ் ஒன்று என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மையால் எழுதினால் பலகையிலிருந்து அவன் பெயர் போய்விடும், அதுவும் பெற்றவள் கையால். நூறாகவே விட்டால் நீ ஆடிய ஒரே ஆட்டம் உன்னுடையது இல்லை என்றாகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன், மனது மரத்துப்போய்த்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளில் ஒருவனிடம்தான் கேட்க முடியும், உன்னிடம் கேட்கிறேன். மாதக் கடைசிக்குள் சொல்.

கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே, அப்பாவுக்கும் உன் வயதில்தான் ஆரம்பித்தது. கடைசி ஆட்டம் ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. வா என்று சொல்லவில்லை, தேதியைச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. நீ அந்தக் கோலை அடித்தபோது ஜன்னலில் நின்று நானும் கைதட்டினேன். எல்லாம் தெரிந்துதான் தட்டினேன். எல்லோரும் அவன் பெயரைக் கத்தினார்கள். நான் உன் பெயரைத்தான் சொன்னேன், ஹார்ன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
மெர்ல்