மாதுளைத் தோலும் இரண்டாம் நம்பர் மெஷினும்

3 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி. உன் மகள் குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள். பொக்கை வாயோடு ஒரு படம் அனுப்பச் சொல்.

ஓர் உதவி வேண்டும். நான்கு வருடமாக எங்கள் ஆய்வகத்தில் உணவு சுற்றும் கவர் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். மரவள்ளி மாவுதான் அடிப்படை. ஜூஸ் கடையில் தூக்கி எறியும் மாதுளைத் தோலின் சாற்றையும் கலக்கிறோம். அது பூஞ்சையை அண்டவிடாது. சாதாரண கவரில் ஐந்தாம் நாள் பூத்துப்போகும் ரொட்டி, இதில் எட்டு நாள் தாங்குகிறது. மண்ணில் புதைத்தால் மூன்று மாதத்தில் சுவடே இல்லை.

ஆனால் இதுவரை செய்ததெல்லாம் தட்டில் ஊற்றிக் காயவைத்த உள்ளங்கை அகலத் துண்டுகள்தான். மெஷினில் ஊதிச் சுருளாக எடுக்க முடியுமா என்று தெரியவில்லை. இரண்டு தொழிற்சாலைகளில் கேட்டேன். மெஷின் கெட்டுவிடும் என்று கையை விரித்துவிட்டார்கள். உன் கவர் தொழிற்சாலையில் இரண்டாம் நம்பர் மெஷின் சும்மாதான் நிற்கிறதாமே. சில நாள் தருவாயா?

உன் அக்கா

11 ஜூன்

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

அந்த மெஷின் ஏன் நிற்கிறது என்று உனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் ரேடியோவில், மெல்லிய பிளாஸ்டிக் கவரை உடனே நிறுத்த வேண்டும் என்று பேசினாய். அடுத்த மாதமே தடை வந்தது. ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினேன்.

நீ பேசியது தப்பென்று சொல்லமாட்டேன். கடைத்தெருச் சாக்கடையைத் தினமும் நானும்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பேச்சை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? மெஷின் பக்கத்தில், அதே ஆறு பேரோடு டீ குடித்துக்கொண்டு. பெரிய ஆபரேட்டர், "இது நம்ம அக்கா குரல் மாதிரி இருக்கே தம்பி?" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவை அணைத்தேன். முந்தின நாள்தான் அரைமணி நேரம் போனில் பேசினாய். ஒரு வார்த்தை சொன்னாயா?

உன் மாவைக் குருணையாக்கி அனுப்பு. மெஷின் துருப்பிடிப்பதற்குப் பதில் ஓடட்டும். நீ வர வேண்டாம்.

தம்பி

17 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன். குட்டி முதல் அடி எடுத்து வைத்ததைச் சொல்லி நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். 'பேசாதே அக்கா' என்று நீ சொல்லிவிட்டால் என்னால் பேச முடியாது. அதற்குத்தான் பயந்தேன்.

பேசியதற்கு வருந்தவில்லை. உன்னிடம் சொல்லாமல் பேசியதற்கு ஐந்து வருடமாக வருந்துகிறேன். மன்னித்துவிடடா.

சாறு கலந்த குருணை இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா

8 ஜூலை

அக்காவுக்கு,

முதல் மூட்டை கரியாகிவிட்டது. பெரிய ஆபரேட்டரை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தேன். "கவர் ஊதற மெஷின்ல கஞ்சி காய்ச்சச் சொல்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். உருகிய மாவு பலூனாக ஊதி ஆள் உயரம் எழும்பும், பட்டென்று உடையும். இருபது தடவையாவது இருக்கும். ஷெட் முழுக்க ஜாம் தீய்ந்த வாசனை.

இரண்டாவது மூட்டையை ஒரு நாள் முழுக்க உலர்த்தி, சூட்டைக் குறைத்து ஓட்டினோம். ஐம்பது மீட்டர் சுருள் வந்தது! அவர் என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. ஆனால் அதில் சுற்றிய ரொட்டி ஐந்தாம் நாளே பூத்துவிட்டது. உன் சாறு சூட்டில் செத்துப்போகிறது போல.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. அதை மாவோடு கலந்து ஏன் உருக்க வேண்டும்? கவரில் கடைப் பெயர் அச்சடிக்கும் மெஷின் இங்கே இருக்கிறது. உருளையைப் புதிதாக மாற்றி, மைக்குப் பதில் சாற்றை ஊற்றி உள்பக்கம் பூசினால் என்ன? வெறும் குருணை ஒரு மூட்டையும் சாறு ஒரு கேனும் அனுப்பு.

உன் கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். குட்டி சொல்கிறாள்.

தம்பி

14 ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

சிரிக்காதே என்றாய். அழுதுவிட்டேன். உன் கடிதத்தை ஆய்வகத்தில் படித்துக் காட்டினேன். பிறகு எங்கள் தலைவர், "இது நமக்கு ஏன் தோணல?" என்றார். சொல்லிக்கொண்டே கேனை எடுத்துச் சாற்றை நிரப்ப ஆரம்பித்தார்.

கேட்டதெல்லாம் வருகிறது. எறும்பு அத்தையின் முத்தமும்.

உன் அக்கா

10 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது நாள்! அடுத்த தெரு பேக்கரிக்காரர் கொடுத்த இருபது ரொட்டியைச் சாறு பூசிய கவரில் சுற்றினோம், ஒன்றுகூடப் பூக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு குறை. "கவர் லேசா மஞ்சளா இருக்கே, பழைய ரொட்டின்னு நெனைச்சிருவாங்களே" என்றார். அவர் மனைவி குறுக்கே வந்து, "அப்போ கவர்லயே எழுதிடுங்க, இது மாதுளைத் தோல் நிறம்னு" என்றாள். அவள்தான் புத்திசாலி.

மழை நாளில் கவர் பிசுபிசுக்கிறது. அதற்கு நீதான் வழி பார்க்க வேண்டும். எல்லாம் நானே செய்தால் நீ எதற்குப் படித்தாய்?

பழைய ஆட்களில் இன்னும் இருவர் திங்கட்கிழமையிலிருந்து வருகிறார்கள். ஒருவர் இப்போது லாரி ஓட்டுகிறார், வரமாட்டேன் என்றுவிட்டார். மற்ற இருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய சுருள் ஓட்டுகிறோம். எந்தப் பலூன் நிற்கும், எது உடையும் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். அதைக் கடிதத்தில் எழுத எனக்கு வராது, நீதான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடி.

சாப்பிட்டுவிட்டு வராதே.

உன் தம்பி