கால் இல்லாத ர

பினாங்கு, 12 ஜனவரி 1935

சௌபாக்கியவதி வேதவல்லிக்கு ஆசீர்வாதம். முருகன் அருளால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் பிழை திருத்தும் அச்சகத்தில் முதலாளி புதுமாதிரித் தடித்த எழுத்துகள் வாங்கியிருக்கிறார். காம்பஸும் அடிக்கோலும் வைத்துப் போட்ட கணக்குப் பாடம் போல, எல்லாம் வட்டமும் நேர்கோடும்தான். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் மீராசா, "இதுல கோத்தா வம்புதான், வாத்தியாரே" என்று அன்றே முணுமுணுத்தார்.

தைப்பூச நோட்டீஸில் "முருகா சரணம்" என்று அவர் கோத்தார். நானும் பார்த்து அனுப்பினேன். மார்க்கெட் தெருச் சுவரில் ஊரே அதை "முருகா சாணம்" என்று படித்தது. கோயில் காரியதரிசி கார்த்திகேசு வந்து மீராசாவைக் காட்டி, "எங்க சாமிய வேணும்னே கேலி பண்ணிட்டாருலா. இனி இவரு இங்க இருக்கக் கூடாது" என்றார். முதலாளியும் தலையாட்டினார். எனக்கும் சந்தேகம்தான். தான் சொன்னது பலிக்கட்டும் என்று மீராசாவே செய்திருப்பாரோ?

பெட்டியிலிருந்து ஒரு 'ர'வும், 'சா'வுக்குப் போடும் துணையெழுத்து ஒன்றும் எடுத்துக் கார்த்திகேசு கையில் வைத்தேன்.

"இதில் ர எது, சொல்லுங்கள்."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். ர-வின் அடியில் சாய்ந்து நிற்கும் காலைக் காணோம்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"காலே இல்லாத எழுத்துல எப்படிண்ணே சரணம் சொல்றது?" என்றார் மீராசா. கார்த்திகேசு சிரித்துவிட்டார். மீராசாவின் வேலை தப்பியது.

இப்போது என் சந்தேகமெல்லாம் என் கண் மீதுதான். பீரோவிலுள்ள மூக்குக்கண்ணாடியை, யாராவது கப்பலேறினால் கொடுத்தனுப்பு. தபாலுக்கு நேரமாகிவிட்டது. நீயும் இரண்டு வரி எழுது. ர-வின் காலை நீ ஒரு முழம் இழுப்பாயே, அதைப் பார்த்து மூன்று மாதமாகிறது.

நடேசன்