லாச்சிக்குள் ஆறு வாரம்

இன்று காலை ஒரு பெரியவர் காகிதங்களை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். கோட்டில் பனி உருகிச் சொட்ட, கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார். அதில் ஒரு கைரேகை அட்டை இருந்தது. மை வாசம் மூக்கில் பட்டதும் நீ நினைவில் வந்துவிட்டாய். நாளைக்கு வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் விரல்ரேகை அட்டையில் பதியவில்லை. நியூ ஜெர்சி ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த கைகள். காவல்துறைச் சான்றிதழுக்காக இரண்டு முறை அனுப்பினாய். இரண்டும் திரும்பி வந்தன. "என்ர கையைப் பாத்தால் நான் பிறக்கவேயில்லை எண்டு நினைப்பாங்களடி" என்று தொலைபேசியில் சிரித்தாய். கடைசியில் பெயரை வைத்துத் தேடிச் சான்றிதழ் தந்தார்கள்.

அமெரிக்கக் கடவுச்சீட்டு கையில் இருந்தும், கரீபியன் கடலில் பிரெஞ்சு பேசும் ஒரு சின்னத் தீவில் வதிவிட அனுமதி கேட்டு நீ அலைந்தாய். நீயும் உன் கணவரும் கப்பலில் சுற்றுலா போனபோது அங்கே அரை நாள் நின்றிருந்தீர்கள். கரையில் பொரித்த மீன் சாப்பிட்டபடி, வேலையில் ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்துவிடுவோம் என்று அவர் சொன்னாராம். ஓய்வு பெறும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் இலையுதிர் காலத்தில் மொன்றியலுக்கு என்னிடம் வந்து இரண்டு கிழமை நின்றாய். மெட்ரோவில் நான் மெதுவாகத் தொடங்கினேன்.

"தெரியாத ஊரில தனியப் போய் என்ன செய்யப் போறாய்? இஞ்ச வந்து என்னோட இரன்."

"இந்தக் குளிருக்கையோ? ரெண்டு கோட்டுக்குள்ள கிடந்து சாகச் சொல்லுறியோ?"

"நியூ ஜெர்சியில மட்டும் குளிர் இல்லையோ?"

"அங்க குளிரை விட, பாவம் பாவம் எண்டு பாக்கிற சனம்தான் கூட. எனக்கு ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத இடம் வேணும்."

மகள் வான்கூவர் போனபின் என் வீட்டில் தமிழில் வாய் திறக்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நீ பக்கத்தில் வந்துவிடுவாய் என்று எத்தனையோ வருடமாக நினைத்திருந்தேன்.

அடுத்த வசந்தத்தில் உன் காகிதங்கள் தடித்த உறையில் வந்தன. எல்லாவற்றையும் பிரெஞ்சில் மாற்ற வேண்டும். எனக்கு அது மூன்று நாள் வேலை. உறையைப் பிரிக்காமலே மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தேன். நீ கேட்டபோதெல்லாம், "வேலை கூடவடி, பேந்து செய்யிறன்" என்றேன். கொஞ்சம் இழுத்தால் சலித்துப்போய் இங்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். இதை உன்னிடம் சொல்லவேயில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆறாவது வாரம் உறையைப் பிரித்தேன். காவல்துறைச் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கெடு நான்கு நாளுக்கு முன்பே முடிந்திருந்தது. அதன் கீழே, ஏன் அந்தத் தீவில் வாழ விரும்புகிறாய் என்று நீ தமிழில் எழுதிய ஒரு பக்கம். அதில் ஒரு வரி: "இரண்டு அறை உள்ள வீடு பார்த்திருக்கிறேன். மொன்றியலில் இருக்கும் என் தோழி குளிர்காலம் முழுதும் என்னோடு வந்து நிற்பாள்."

அன்றிரவே உன்னை அழைத்தேன்.

சான்றிதழ் காலாவதியானதைச் சொன்னபோது நீ கோபிக்கவில்லை. "விடடி, உனக்கும் வேலைதானே. திரும்ப எடுப்பம்" என்றாய். மறுபடியும் மை, மறுபடியும் காத்திருப்பு. மற்ற எல்லாக் காகிதங்களையும் அந்த வாரமே முடித்து அனுப்பினேன். சான்றிதழ் வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. அதை எனக்கு அனுப்பப் போவதாகச் சொன்ன கிழமையிலேயே உன் குளியலறையில் விழுந்தாய். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறப்பித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆறு வாரம் நான் இழுக்காமல் வசந்தத்திலேயே விண்ணப்பம் போயிருந்தால், அந்த நேரம் நீ தீவில் இருந்திருப்பாய். அங்கேயும் விழுந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது அறையில் நான் இருந்திருப்பேன்.

செத்தவீட்டில் உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தடுமாறும் தமிழில் எல்லோருக்கும் சொன்னான்.

"இந்த ஆன்ரிதான் அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணினவா. எல்லாரும் வேண்டாம் எண்டு சொல்ல, இவா மட்டும்தான் அம்மாவைத் தீவுக்குப் போக விட்டவா எண்டு அம்மா எப்பவும் சொல்லுவா."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.