பள்ளத்தூர்க் கிணற்று மணல்

இன்று காலை எதிர்வீட்டில் ஒரு லோடு ஆற்று மணல் கொட்டினார்கள். போகிற போக்கில் ஒரு கை அள்ளி லென்சில் பார்த்தேன். பொடிப்பொடியாகச் சிவப்புக் கார்னெட். மணலைத் திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் மேஸ்திரி என்னைப் பார்த்தார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் காரைக்குடியில் ஒரே அறையில் தங்கி முனைவர் பட்டத்துக்கு நிலவியல் ஆய்வு செய்தோம். மலை உருவாகும்போது பூமிக்குள் வெந்து அழுந்திப் பிறக்கும் கனிமம் கார்னெட். அந்தப் பக்கத்துச் செம்மண் பாறையான செம்பூராங்கல்லில் அது கிடையாது. மணலில் கிடந்தால், ஏதோ ஓர் ஆறு மலையிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். பள்ளத்தூரில் ஒரு வீட்டுக் கிணற்றின் அடிமணலில் அது கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேற்கு மலையிலிருந்து கடலுக்குப் போன பழைய ஆறொன்றை ஒரே வாரத்தில் வரைபடத்தில் ஓடவிட்டேன். என் மூன்று ஆண்டு உழைப்பும் அந்த நீலக் கோட்டின்மேல்தான் நின்றது.

வரைபடத்தை உன்னிடம் காட்டினேன். மறுநாள் நீ பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போய்வந்தாய். அந்த வீட்டு ஆச்சி சொன்னதை அவர் குரலிலேயே சொன்னாய்: "அதுவா தம்பி? தண்ணி கலங்கலா இருந்துச்சுன்னு போன கோடையில தூரெடுத்து, வைகை மணலை லாரியில கொண்டாந்து போட்டோம். நீங்க ஒரு வார்த்தை கேக்காம அள்ளிட்டுப் போய்ட்டீக."

"ஒனக்குப் பொறாமைடா" என்று உன்மேல் பாய்ந்தேன். பத்து நாள் பேசவில்லை. அந்தப் பத்து நாளும் உன் வேலையைப் போட்டுவிட்டு, புதுவயல் பக்கம் புதுக் கிணறு வெட்டும் இடங்களாகப் பார்த்து அலைந்திருக்கிறாய். ஒரு மாலை என் மேசையில் நான்கு மணல் பைகளை வைத்தாய்.

"இதுல யாரும் கொண்டாந்து கொட்டலடா. நானே கெணத்துக்குள்ள எறங்கி அள்ளுனது. பாரு."

ஒரு பையில் மட்டும் கார்னெட் இருந்தது. என் ஆறு சிறுத்துப்போனது, ஆனால் பிழைத்துக்கொண்டது.

வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்: "இந்த மணல் இயற்கையாகப் படிந்ததுதான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?"

"கிணறு வெட்டும்போது நானே இறங்கி எடுத்தேன்" என்றேன்.

பின்வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "வாடா டாக்டரு, காபி குடிப்போம்" என்றாய். அதன்பிறகு ஒருநாளும் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து, நானும் வேறு எதையோ பேசினேன்.

போன மாதம் நீ போய்விட்டாய். உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காபியின் சூடுதான் முதலில் வருகிறது, பிறகு என் பொய். கிணற்றுக்குள் இறங்கியது நீ. இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல நீ இல்லாமல் போகும்வரை காத்திருந்தேனேடா.