வடமேற்கிலிருந்து வந்த ஒலி

உன் கையுறைகள் என் மடியில் கிடக்கின்றன. கார்க் கதவைச் சாத்தியதும் கோடாலித் தைலத்தின் மணம் எழுந்து வந்தது. முந்தாநாள் உன் மகள் லாசாலில் என் வீட்டு வாசலில் நின்றபடியே அவற்றை நீட்டினாள். "அன்ரி, அம்மான்ரை சாமான் எல்லாம் குடுத்திட்டம். இதை மட்டும் எறிய மனம் வரேல்லை. உங்கடை கைக்கு அளவாயிருக்கும்." உள்ளே வரச் சொன்னேன். கார்டெரிக் காப்பகத்தில் பிள்ளையை எடுக்க நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

இன்று ஞாயிறு. நம் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறேன். நகரத்துக்கு வடக்கே, மின்கம்பிகள் முடிந்துபோகிற அந்த இடம்தான். இங்கே இன்று நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல விருப்பமில்லை.

நாம் இருவரும் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த காலம் அது. மதிய இடைவேளையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நீ, "எடி, அலாஸ்காவிலை வானத்தைச் சூடாக்கினமாம்" என்றாய். "இங்கை வீட்டைச் சூடாக்கவே வழியைக் காணேல்லை, அவைக்கு வானம் கேக்குதோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு விளக்கத் தொடங்கினாய்.

"வடக்கு வானத்திலை பச்சை வெளிச்சம் ஆடுற உயரத்திலை மின்சாரம் தன்பாட்டிலை ஓடிக்கொண்டிருக்குதடி. கீழையிருந்து றேடியோ அலையாலை அந்த இடத்தைச் சூடாக்கிறதும் நிப்பாட்டிறதுமா இருந்தால், ஓட்டம் அந்தத் தாளத்துக்குக் கூடிக் குறையும். அதிலையிருந்து மெதுவான அலை பிறக்கும். அவ்வளவு நீளமான அலைக்கு நிலத்திலை அன்ரெனா கட்டுறது லேசில்லை. இது வானமே அன்ரெனா!" பிறகு விரலை ஆட்டிச் சொன்னாய்: "ஆனா ஓட்டம் இருக்கவேணும். அது இல்லாட்டி எவ்வளவு சூடாக்கினாலும் ஒண்டும் வராது."

அந்த அலையைக் கேட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. உன் மகனின் பழைய மர ஹொக்கி மட்டைகள் இரண்டைக் குறுக்காகக் கட்டி, சுற்றிச் சுற்றிக் கம்பி வரிந்து அன்ரெனாச் சட்டம் ஒன்று செய்தோம். நுனியில் சிக்னலைக் கூட்டுகிற ஒரு சின்னப் பெருக்கி, அதிலிருந்து ஹெட்போன். அந்த அலை காதுக்கு எட்டும் அதிர்வில்தான் வரும் என்பதால் அதுவே போதும் என்றாய். வீட்டில் வைத்துக் கேட்டால் மின்சாரத்தின் இரைச்சல் ஒன்றுதான். அதனால்தான் இந்த ஏரி. இங்கே வந்தால் எங்கோ பெய்கிற மழைகளின் மின்னல், அப்பளம் பொரிவதுபோலக் கேட்கும். ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கேட்டுவிட்டு, இஞ்சித் தேநீரைக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புவோம். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது. உனக்குப் போதவில்லை.

உனக்குக் குளிர் பட்டால் விரல்கள் வெளுத்துப்போகும். அந்தக் குளிர்காலம் பற்றரியில் சூடாகிற இந்தக் கையுறைகளை வாங்கினாய். முதன்முதலாய்ப் போட்டுக்கொண்டு வந்த நாள், வானத்தைச் சூடாக்கும் அந்த அலாஸ்கா நிலையம் சோதனை நடத்திய நாளாகவும் அமைந்தது. நீ சட்டத்தைப் பிடித்துத் திருப்ப, நான் ஹெட்போனில் இருந்தேன். மெல்லிய ஒலி ஒன்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"கேக்குதடி!" என்று கத்தினேன். ஹெட்போனைப் பறித்துக் கேட்டாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீ வடமேற்கே திருப்பினால் ஒலி கூடியது; கையை எடுத்தால் குறைந்தது. "பாத்தியே, என்ரை உடம்பும் அன்ரெனாதான்" என்று பெருமை வேறு. தொலைபேசியில் பதிந்துகொண்டோம். வழியில் டெப்பனர் கடைக்குள் நுழைந்து, காசு வாங்கிய பெண்ணிடம் உன் ஓட்டைப் பிரெஞ்சில் வானத்தைக் கேட்டுவிட்டதாகச் சொன்னாய். அவள் "போன் சுவாரே" என்று மாலை வாழ்த்துச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகு நாம் வரவில்லை. நோய் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியிலும் அந்தப் பதிவைப் போடச் சொல்லிக் கேட்பாய். "பேந்து ஒருக்காப் போவமடி" என்றாய். ஓம் என்றேன்.

நீ போன பிறகு நான் தனியாக வந்தேன். நிலையம் சோதனை நடத்திய நாட்களிலும் வந்தேன். உன்னோடு கேட்டதை உனக்காக இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. மின்னல் பொரிந்தது, அந்த ஒலி மட்டும் வரவேயில்லை. வானத்தில் ஓட்டம் குறைவு என்று என்னைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன்.

இன்று கை விறைத்தது. உன் கையுறைகளைப் போட்டு, பொத்தானை அழுத்தி, சட்டத்தைத் தூக்கினேன். வந்துவிட்டது! அதே ஒலி. வந்தது, நின்றது, வந்தது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனடி, ஆளில்லாத ஏரியில். பதிவு செய்யத் தொலைபேசியை எடுக்கவென்று கையுறைகளைக் கழற்றிப் பனியில் போட்டேன். ஒலி மங்கிப்போனது. மறுபடி போட்டேன், வந்தது. பொத்தானை அணைத்தேன், செத்துப்போனது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். அலாஸ்காவில் யாரோ வானத்தைச் சூடாக்கிய ஒலி இல்லை அது. கையுறைக்குள் மின்சாரம் விட்டு விட்டு ஓடி, உன் விரல்களைச் சூடாக்கிய ஒலி. நிலையத்தின் சோதனையும் அன்றே அமைந்தது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. விழுந்து விழுந்து சிரித்தேன். நீ இருந்திருந்தால் "உனக்கு விசரடி" என்று முதலில் சண்டை பிடித்திருப்பாய். பிறகு வீடு வரும்வரை சிரித்திருப்பாய். திரும்பிக் காரில் உன் காலி இருக்கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை நாள் அந்த ஒலி ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. நீ வரவில்லை.

மறுபடி பொத்தானை அழுத்தி, பற்றரி தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று இரவு சார்ஜில் போடுவேன். அடுத்த ஞாயிறும் வருவேன். நீ ஆசைப்பட்டது உண்மையான வானம். அதைக் கேட்காமல் விடுவதாயில்லை. கையுறைகளைக் காரில் வைத்துவிட்டு, வெறுங்கையால் சட்டத்தைப் பிடித்து, விரல் விறைக்கும்வரை வடமேற்கே திருப்பிக் கேட்பேன். புறப்படுமுன் கையுறைகளைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் உன்னைக் கேட்டுவிட்டு வருவேன்.